பொய்யின் விளைநிலம்

பொய் பேசுதல் பாவம் என்று போதியாத சமயமில்லை. அதைக் குற்றமென்று கொள்ளாத நீதிநூலில்லை. நமது பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற் கற்கும் முதற் பாடங்களில் ஒன்றும் அதுவே. ஆயினும், பொய்யே பேசாத மனிதன் ஒருவனை நம்மில் எவரும் கண்டதில்லை. எல்லோரும் ஒருமுகமாகக் கண்டிக்கும் ஒரு செயலை எல்லோரும் செய்துவருவது எங்ஙனம் நேர்ந்தது? இவ்வினாவுக்குப் பொதுவாக இரண்டு விடைகள் கூறப்படுவதுண்டு. மனிதன் இயல்பாகவே தீயவன், ஆகவே பொய் அவனுடன் பிறந்தது என்பது ஒன்று. அறப்போதனை குறைந்துவிட்டது, அதனாற் பொய் மலிந்துவிட்டது என்பது மற்றையது. இவ்விரு விடைகளும் பொய்யைத் தனிமனிதனின் உள்ளத்திலே தேடுகின்றன. அவ்வுள்ளம் எத்தகைய உறவுகளுக்குள்ளே, எத்தகைய அதிகாரத்தின் கீழே இயங்குகின்றது என்பதை இரண்டுமே கேட்பதில்லை. கேளாது விடப்பட்ட அந்தக் கேள்வியையே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்புகின்றோம்.

அறப்போதனைக் குறைவே காரணம் என்னும் கருத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1920களில் ஐக்கிய அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்னும் ஆய்வாளர் இருவர் 10,000க்கும் அதிகமான பள்ளிப் பிள்ளைகளிடையே விரிவான பரிசோதனைகளை நடத்தி, 1928இல் அவற்றின் முடிவுகளை வெளியிடத் தொடங்கினர். விடைத்தாளைப் பார்த்துத் திருத்துதல், விளையாட்டில் ஏமாற்றுதல், செய்யாததைச் செய்ததாகச் சொல்லுதல் முதலிய பல சோதனைகளுக்குப் பிள்ளைகள் உட்படுத்தப்பட்டனர். ஓரிடத்தில் நேர்மையாக நடந்த பிள்ளை வேறோர் இடத்தில் ஏமாற்றிற்று. வகுப்பிற் பொய்த்த பிள்ளை விளையாட்டிடத்தில் நேர்மை காத்தது. "உண்மையன்", "பொய்யன்" என இரண்டு சாதிப் பிள்ளைகளை அவர்களாற் பிரித்தெடுக்க முடியவில்லை. நல்லொழுக்கம் எதுவென்று நன்கறிந்த பிள்ளைகளும் தருணம் வந்தபோது ஏமாற்றவே செய்தனர். மனிதனது நடத்தையில் ஓரளவு நிலையான போக்கும் உண்டென்று பின்வந்த ஆய்வாளர் திருத்திக் கூறினர் என்பது உண்மையே. எனினும், நேர்மை என்பது மனிதன் நிற்கும் சூழலைப் பெரிதும் பற்றி நிற்பது என்னும் அவர்தம் அடிப்படை முடிவு இன்றுவரை வலுவிழக்கவில்லை.

இனி, பொய் மனிதனுடன் பிறந்த தீமை என்னும் கருத்து. மூன்று வயதுப் பிள்ளையொன்றை ஓர் அறையில் இருத்தி, அதன் பின்னால் ஒரு விளையாட்டுப் பொருளை வைத்து, "திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியேறுவது உளவியலாளர் கையாளும் ஒரு முறை. பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிடுகின்றன. பார்த்தாயா என்று கேட்டால், அவற்றுட் சில ஒப்புக்கொள்கின்றன, சில இல்லையென்கின்றன, வயது ஏற ஏற இல்லையெனும் பிள்ளைகளின் தொகையும் ஏறுகின்றது. ஏனெனில், பொய் சொல்வதற்கு ஓர் அறிவு வேண்டும். எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது, உன் மனமும் என் மனமும் வேறு என்னும் அறிவு அது. பிறர் துன்பத்தை விளங்கிக்கொள்வதற்கும், மற்றவருடைய நிலையில் நின்று சிந்திப்பதற்கும் அதே அறிவே வேண்டும். ஆகவே, பிள்ளை சொல்லும் முதற் பொய் அதன் மனவளர்ச்சியின் ஓர் அடையாளமாகும். பிறப்பது ஆற்றல் மட்டுமே. அவ்வாற்றல் எத்திசையிற் செல்லும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் பெரியோர்களாகிய நாம்.

இவ்விடத்தில் நமது ஆசிரியர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஆய்வொன்றுண்டு. விக்டோரியா தல்வார், காங் லீ என்னும் இருவர் மேற்கு ஆபிரிக்காவிலுள்ள இரண்டு பள்ளிகளில் 3, 4 வயதுப் பிள்ளைகளிடையே மேற்கூறிய பரிசோதனையை நடத்தி, 2011இல் அதன் முடிவை வெளியிட்டனர். ஒரு பள்ளி சிறு தவறுக்கும் அடித்துத் தண்டிப்பது. மற்றையது அவ்வாறு செய்யாதது. இரு பள்ளிகளிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. ஆனால், தண்டிக்கும் பள்ளியில், பார்த்த பிள்ளைகளுட் பெரும்பான்மையானவை பார்க்கவில்லையென்று பொய் சொல்லின. மற்றைய பள்ளியிற் பொய் சொன்ன பிள்ளைகள் அதனினும் கணிசமாகக் குறைவு. அதுமட்டுமன்று. தொடர்ந்து வினவியபோது தம் பொய்யைக் குலையாமற் காத்துக்கொள்ளும் திறமையிலும் தண்டிக்கும் பள்ளியின் பிள்ளைகளே விஞ்சி நின்றன. பொய்யை ஒழிக்க எடுத்த பிரம்பு பொய்க்கே பயிற்சியளிக்கும் ஆசானாக மாறிற்று என்பதே இதன் பொருள்.

சுவிற்சர்லாந்தின் உளவியலறிஞர் ஜான் பியாஜே 1932இல் வெளியிட்ட நூலொன்றிலே இதற்கு ஆழமான விளக்கமொன்று கிடைக்கின்றது. வழியிலே பசுவளவு பெரிய நாயொன்றைக் கண்டேன் என்று ஒரு பிள்ளை சொல்கின்றது. பள்ளியில் நல்ல புள்ளி கிடைத்தது என்று இன்னொரு பிள்ளை தாயிடம் பொய் சொல்கின்றது. எது பெரிய பொய் என்று கேட்டபோது, சிறு பிள்ளைகள் நாயைப் பற்றிய பொய்யே பெரிதென்றனர். அவ்வளவு பெரிய நாய் உலகத்தில் இல்லையல்லவா! வளர்ந்த பிள்ளைகளோ, தாய் நம்பக்கூடியதும் தாயை ஏமாற்றுவதுமான இரண்டாவதே கொடியது என்றனர். சிறு பிள்ளைக்கு உண்மை என்பது மேலேயிருந்து வந்த கட்டளை. கட்டளையை மீறினால் அடி விழும். ஒத்தாரோடு கூடி விளையாடி, கொடுத்தும் வாங்கியும் பழகிய பிள்ளைக்கோ உண்மை என்பது ஒருவரையொருவர் நம்பி வாழ்வதற்கான ஒப்பந்தம். கட்டளையாற் பிறந்த உண்மை, கட்டளையிடுபவர் கண்ணுக்கு மறைந்ததும் மறையும். சமத்துவத்திற் பிறந்த உண்மையே நிலைக்கும்.

நமது வகுப்பறைகளில், கொப்பி வாங்கப் பணமில்லாத பிள்ளை, "வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தேன், சேர்" என்கின்றது. காலையில் உணவின்றி வந்து சோர்ந்து விழுந்த பிள்ளை, "சாப்பிட்டேன், ரீச்சர்" என்கின்றது. பிரம்புக்கு அஞ்சிப் பிறப்பது ஒரு பொய்யென்றால், வறுமையின் வெட்கத்திற் பிறப்பது மற்றொன்று. இப்பிள்ளைகளுக்கு வாய்மையின் பெருமையைப் போதிப்பதாற் பயனென்ன? வறுமையைக் குற்றமாகவும் இழிவாகவும் கொள்ளும் ஒரு சமுதாயத்திடமிருந்து தன் மானத்தைக் காத்துக்கொள்ளவே அப்பிள்ளை பொய்யை அணிந்துகொள்கின்றது. அங்கே திருத்தப்பட வேண்டியது பிள்ளையின் நாவன்று.

வகுப்பறையிற் காணும் இவ்வுண்மையை நாடளவுக்கு விரித்துப் பார்ப்போம். ஆளப்படுவோர் பொய்யர் என்பது ஆள்வோர் எக்காலத்தும் சாட்டிவந்த குற்றமாகும். மெக்காலே 1841இல் வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றி எழுதிய கட்டுரையில் வங்காள மக்களை வஞ்சகமே இயல்பாகக் கொண்டோரென வருணித்தார். நமது மலைநாட்டுத் தோட்டங்களிலும் "கூலிகள் பொய்யர், சோம்பேறிகள்" என்பதே துரைமாரின் பேச்சாக இருந்தது. ஆனால், அத்தொழிலாளர் இந்நாட்டுக்கு வந்த கதை எது? தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று தென்னிந்தியக் கிராமங்களில் ஆசை காட்டி அவர்களை அழைத்துவந்தனர் என்று மலையகத்தில் இன்றும் சொல்வர். வந்து சேர்ந்தபின் அவர்களைக் கட்டிவைத்தது கடன். கடனை எழுதிய "துண்டு" என்னும் சீட்டுடனேயே தோட்டம் விட்டுத் தோட்டம் மாற வேண்டியிருந்த அம்முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இத்தகைய பெரும் பொய்யொன்றின் மேல் எழுப்பப்பட்ட வாழ்க்கையிலே, ஒருநாள் வேலைக்குச் செல்ல இயலாத பெண் "காய்ச்சல்" என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்ன பொய்யை மட்டும் அறத்தின் தராசில் நிறுத்துப் பார்ப்பது எவ்வகை நீதி?

எளியோர் பொய்யெல்லாம் நியாயமானது என்று நாம் இங்கு வாதிடவில்லை. அஞ்சிப் பழகியவன் தன் தோழனிடமும் அஞ்சிப் பேசத் தொடங்குவான். மேலிடத்துக்குச் சொல்லிய பொய் நாளடைவிற் பக்கத்து வீட்டானுக்கும், மனைவிக்கும், பிள்ளைக்கும் சொல்லும் பொய்யாக வளர்ந்துவிடும். அடக்குமுறை மனிதனுக்குச் செய்யும் கேடுகளில் இதுவும் ஒன்று. அக்கேட்டின் பழியை முதலில் எவர் மேற் போடுவது என்பதே நமது கேள்வி.

வாய்மை என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவன் அரிச்சந்திரன். யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலே நடிகமணி வி. வி. வைரமுத்து நடித்த மயான காண்டத்தை விடியவிடிய இருந்து கண்ணீர் மல்கக் கண்ட தலைமுறைகள் உண்டு. நாடிழந்து, சுடலை காத்து, மகனின் பிணத்தை எரிக்கவும் கூலி கேட்டு நின்ற அந்த மன்னனின் உறுதி நம்மை உருக்குவதில் வியப்பில்லை. எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. அரிச்சந்திரனின் வாய்மைக்கு விலை கொடுத்தவர் யாவர்? சந்திரமதி அடிமையாக விற்கப்படுகின்றாள். லோகிதாசன் பாம்பு கடித்து மாள்கின்றான். அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்டதாகக் கதையில் இல்லை. வாய்மையைத் தனிமனிதனின் புகழாக மட்டும் காணும் அறநோக்கின் குறைபாடு இக்கதையிலேயே புலனாகின்றது. என் வாய் தூய்மையாக இருந்தாற் போதும், அதன் விளைவை எவர் சுமந்தாலென்ன என்பதே அந்நோக்கு.

ஜேர்மன் தத்துவஞானி கான்ற் 1797இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இந்நோக்கை அதன் எல்லைவரை கொண்டு சென்றார். நண்பனொருவன் உன் வீட்டில் ஒளிந்திருக்கின்றான். அவனைக் கொல்ல வந்தவன் வாசலில் நின்று கேட்கின்றான். அப்போதும் பொய் சொல்லல் ஆகாது என்பது அவர் முடிவு. வள்ளுவரோ வேறு வழி நின்றார். பிறருக்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்றும், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் அவர் வகுத்தார். கான்றின் உதாரணம் நம் நாட்டைப் பொறுத்தவரை ஏட்டுச் சுரைக்காயன்று. 1983 ஆடியிற் கொழும்பிலே தமிழரைத் தேடிக் கும்பல்கள் தெருத் தெருவாக வந்தபோது, தம் வீட்டு அறைகளில் அயலவரை ஒளித்துவைத்துக்கொண்டு, வாசலில் வந்து நின்று "இங்கே தமிழர் எவருமில்லை" என்று சொன்ன சிங்கள மக்கள் பலர். தம் உயிரைப் பணயம் வைத்துச் சொன்ன அந்தச் சொல்லைப் பொய்யென்று அழைக்கும் அறம் நமக்கு வேண்டியதில்லை.

ஆகவே, பொய்யை மதிப்பிடும்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று. சொல்பவன் யார்? யாருக்கெதிராகச் சொல்கின்றான்? அதன் விலையைக் கொடுப்பவர் எவர்? கொலைகாரக் கும்பலின் முன் நின்ற அயலவர் விலையைத் தாமே கொடுக்க முன்வந்தனர். விலை முழுவதையும் பிறர் தலையிற் சுமத்தும் பொய்யும் உண்டு. வலியோர் சொல்லும் பொய் அது.

இதற்குச் சிகரெட் கம்பனிகளின் வரலாற்றைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை. புகைத்தலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை விஞ்ஞானிகள் நிறுவத் தொடங்கிய வேளையில், 1953 டிசம்பரில், அமெரிக்கச் சிகரெட் கம்பனிகளின் தலைவர்கள் நியூயோர்க்கில் ஒரு ஹோட்டலிற் கூடினர். 1954 ஜனவரி 4ஆம் திகதி 400க்கு மேற்பட்ட பத்திரிகைகளில் அவர்களின் விளம்பரம் வெளிவந்தது. மக்களின் உடல்நலமே தமக்கு முதன்மையானது எனவும், புகைத்தல் தீங்கானதென்று தாம் நம்பவில்லை எனவும் அது கூறிற்று. நாற்பது ஆண்டுகளின் பின்னர், 1994 ஏப்ரிலில், ஏழு கம்பனிகளின் தலைவர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவொன்றின் முன் சத்தியம் செய்து, நிக்கொட்டின் அடிமைப்படுத்தும் பொருளென்று தாம் நம்பவில்லை என்றனர். இக்கம்பனிகள் தெரிந்தே மக்களைப் பல தசாப்தங்களாக ஏமாற்றின என்று அமெரிக்க நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது.

இந்த மனிதரை எந்தப் பிரம்பும் அச்சுறுத்தவில்லை. எந்த வறுமையும் வெட்கப்படுத்தவில்லை. இலாபமே அவர்களைப் பேசவைத்தது. இங்கே இன்னுமொன்று கவனிக்கற்பாலது. இத்தகைய பொய்யைச் சொன்னவன் இவன்தான் என்று ஒருவனைச் சுட்டிக்காட்டுவது அரிது. விஞ்ஞானி, "இன்னும் ஆராய வேண்டியுள்ளது" என்று மட்டும் எழுதினான். விளம்பரக்காரன் அழகிய படமொன்றை மட்டும் வரைந்தான். வழக்கறிஞன் கட்சிக்காரனுக்காக மட்டும் வாதாடினான். தொழிற்சாலையிலே ஊசி செய்வதற்கு வேலைப்பிரிவினை இருப்பது போல, பொய் செய்வதற்கும் முதலாளித்துவம் வேலைப்பிரிவினையை ஏற்படுத்தியுள்ளது. ஒவ்வொருவனும் தன் பங்கிற் பொய்யில்லையென்று நிம்மதியாக உறங்குகின்றான்.

அந்த நிம்மதி எங்ஙனம் வருகின்றது? 1959இல் லியோன் பெஸ்டிங்கர், ஜேம்ஸ் கார்ல்ஸ்மித் என்னும் உளவியலாளர் வெளியிட்ட பரிசோதனையொன்று இதற்கு ஒளி தருகின்றது. மாணவர்களுக்கு மிகவும் சலிப்பூட்டும் வேலையொன்று ஒரு மணி நேரம் கொடுக்கப்பட்டது. பின்னர், அடுத்து வருபவரிடம் அவ்வேலை சுவையானதென்று சொல்லுமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். அப்பொய்க்குக் கூலியாகச் சிலருக்கு 20 டொலரும், சிலருக்கு 1 டொலரும் வழங்கப்பட்டன. ஈற்றில் அவர்களது உண்மையான கருத்தைக் கேட்டபோது, 20 டொலர் பெற்றோர் வேலை சலிப்பானதென்றே கூறினர். 1 டொலர் பெற்றோரோ அது ஓரளவு சுவையானதே என்றனர். பெருங்கூலி பெற்றவன் தான் ஏன் பொய் சொன்னான் என்பதை அறிவான். சிறுகூலி பெற்றவனுக்கு அந்தக் காரணம் போதாது. ஆதலால், தான் சொன்னது பொய்யன்று என்று தன்னையே நம்பவைக்கின்றான்.

இதன் சமுதாயப் பொருள் பெரிது. ஓர் அநீதியால் உண்மையாகவே கொழுப்பவர் சிலர். அவர் அதை அறிந்தே காக்கின்றனர். அதை மனமார நம்பிக் காப்பவர்களோ, அதனால் அற்பப் பயன் பெறும் பலர். நமது யாழ்ப்பாணத்துச் சாதிமுறையை நோக்குக. பொது இடங்களிற் சாதி காரணமாகத் தடை விதிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே நிறைவேற்றப்பட்டது. ஆயினும், தேநீர்க் கடைகளும் கோயில்களும் அதன்பின்னும் மூடியே கிடந்தன. 1960களின் பிற்பகுதியில் மக்கள் போராடியே அவற்றைத் திறக்க வேண்டியிருந்தது. "இந்தக் காலத்தில் யார் சாதி பார்க்கிறார்கள்?" என்று இன்று நம்மிடையே பலர் மனமறிந்த வஞ்சகமின்றியே கேட்கின்றனர். அதே வாய், வீட்டிற் கலியாணப் பேச்சு வந்ததும், "பகுதி எது?" என்று விசாரிக்கின்றது. காணியோ கோயிலதிகாரமோ இல்லாத ஒருவர், கூட நின்ற பெருமையொன்றையே கூலியாகப் பெற்று இப்பொய்யைக் காத்துவருகின்றார். ஒரு டொலர்ப் பொய் என்பது இதுவே.

* * *

இதுவரை கூறியவை முற்போக்கு எண்ணமுடைய வாசகருக்கு உடன்பாடாகவே இருக்கும். ஆனால், அச்சமும் இலாபமுமே பொய்யின் ஊற்றென்றால், இலாபத்தை ஒழித்த இடத்திற் பொய் ஒழிந்ததா என்னும் கேள்வியைத் தட்டிக்கழிக்க நமக்கு உரிமையில்லை. 1958இற் சீனாவில் நிகழ்ந்ததை நோக்குவோம்.

பெரும் பாய்ச்சல் தொடங்கிய அவ்வாண்டில், விளைச்சலைப் பன்மடங்காக்குமாறு மேலிடம் பணித்தது. கூடிய விளைச்சலை அறிவித்த மாவட்டத்துக்குப் பாராட்டு; குறைத்து அறிவித்தவனுக்கு வலதுசாரி என்னும் பட்டம். ஒரு கம்யூன் ஆயிரம் என்றால் அடுத்தது ஈராயிரம் என்றது. ஹூபேய் மாகாணத்து மாசெங் மாவட்டத்தில் ஒரு "மூ" நிலத்தில் 36,000 "ஜின்"னுக்கு மேல் நெல் விளைந்ததாக அவ்வாண்டு ஓகஸ்டிற் கட்சிப் பத்திரிகை அறிவித்தது. நமது கணக்கில் அது ஏக்கருக்கு 110 தொன்னுக்கு அதிகம். நன்கு விளைந்த நம் வயலும் இரண்டு மூன்று தொன்னே தரும். பல வயல்களின் நெற்பயிரைப் பிடுங்கி ஒரே வயலில் நெருக்கி நட்டுக் காட்டிய காட்சிகள் அவை. ஆண்டிறுதியில் நாட்டின் தானிய விளைச்சல் 37.5 கோடி தொன் என அறிவிக்கப்பட்டது. உண்மையில் விளைந்தது ஏறத்தாழ 20 கோடி தொன்னே என்பது பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இப்பொய்யின் விலையைக் கொடுத்தவர் உழவர். அறிவிக்கப்பட்ட விளைச்சலுக்கு ஏற்ப அரசின் கொள்முதல் கணக்கிடப்பட்டது. இல்லாத நெல்லுக்காக இருந்த நெல் அள்ளப்பட்டது. "இனி எங்களிடம் தானியமில்லை" என்று உழவர் சொன்னபோது, அவர்கள் தானியத்தை ஒளித்துவைத்துக்கொண்டு பொய் சொல்கின்றனர் எனக் குற்றம் சாட்டப்பட்டது. ஒளித்த தானியத்தைத் தேடும் இயக்கங்கள் நடத்தப்பட்டன. பலர் அடித்து வதைக்கப்பட்டனர். வாசகர் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்க வேண்டுகின்றோம். பொய் சொன்னவன் பாராட்டுப் பெற்றான். உண்மை சொன்னவன் பொய்யனென்று தண்டிக்கப்பட்டான். 1962 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மாண்டோர் தொகையை ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை ஆய்வாளர் பலவாறு மதிப்பிடுவர்.

வறிய உழவர் குடும்பத்திற் பிறந்து, புரட்சிப் படையை நடத்தி, பாதுகாப்பு அமைச்சராக இருந்த பெங் டெஹுவாய், 1959 ஜூலையில் லூஷான் மகாநாட்டின்போது மாஓவுக்குக் கடிதமொன்று எழுதினார். மிகைப்படுத்திய அறிக்கைகளைப் பற்றி அதில் எச்சரித்தார். பதவி பறிக்கப்பட்டார். 1978இல் அவரது பெயருக்கு மதிப்பு மீட்கப்பட்டபோது அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1962 ஜனவரியில், 7,000 ஊழியர் கூடிய மகாநாட்டில், இப்பஞ்சத்தில் இயற்கையின் பங்கு மூன்று, மனிதரின் பங்கு ஏழு என்று உழவர் தம்மிடம் கூறியதை லியூ ஷாவோ சி எடுத்துரைத்தார். அவரும் 1969இற் காவலில் வைக்கப்பட்ட நிலையிலேயே இறந்தார்.

இவற்றை நாம் எடுத்துரைப்பது எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகும் எனச் சிலர் கூறலாம். 1943 வங்காளப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் மாண்டபோதும் அதைப் பஞ்சமென்று முறைப்படி அறிவிக்க மறுத்த பிரித்தானிய ஆட்சியின் வழிவந்தோர் சீனாவைச் சுட்டிக்காட்டி நமக்கு அறம் போதிக்கத் தகுதியற்றவர் என்பதை நாம் அறிவோம். ஆனால், எதிரியின் பொய் நம் பொய்க்கு நியாயமாகாது. மேலும், சீனாவின் தவறான அறிக்கைகள் மக்களை மட்டுமன்றி அரசையே ஏமாற்றின என்பதைப் பொருளியலறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியுள்ளார். தலைமை தான் கேட்க விரும்பியதை மட்டுமே கேட்டது; ஈற்றிற் கேட்டதையே நம்பிற்று. உண்மையைச் சொல்பவனைத் தண்டிக்கும் அதிகாரம், தன் கண்களைத் தானே குத்திக்கொள்ளும் அதிகாரமாகும்.

இந்த வரலாற்றையும் மேற்கு ஆபிரிக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நமது முடிவு தெளிவாகும். பொய்யின் வித்து எல்லா மனிதரிடத்தும் உண்டு. அதை விளைவிக்கும் நிலமோ, உண்மைக்குத் தண்டனை விதிக்கும் அதிகாரம். அந்த அதிகாரம் தோட்டத் துரையிடம் இருக்கலாம், கம்பனித் தலைவரிடம் இருக்கலாம், சாதிமானிடம் இருக்கலாம். நல்ல நோக்கத்தை நெஞ்சில் ஏந்திய ஆசிரியரிடமும், விடுதலைக்காகப் போராடும் கட்சியிடமும் கூட இருக்கலாம். நோக்கம் நல்லது என்பதனால் நிலத்தின் தன்மை மாறிவிடுவதில்லை.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? சொலமன் ஆஷ் என்னும் உளவியலாளர் 1950களில் நடத்திய பரிசோதனைகள் நமக்கு ஒரு நம்பிக்கையைத் தருகின்றன. கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னபோது, கூட இருந்தோர் அனைவரும் முன்கூட்டிப் பேசிவைத்தபடி தவறான விடையைச் சொல்ல, கண்ணெதிரே தெரிந்த உண்மையை விட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்ட விடைகள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. ஆனால், கூட்டத்திலே ஒரேயொருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால், அத்தவறு நாலிலொரு பங்காகச் சுருங்கிற்று. மனிதனுக்கு உண்மை சொல்ல வீரம் மட்டும் போதாது, துணை வேண்டும். அத்துணையை அமைப்பாக்கிக் கொடுப்பதே சமுதாயத்தின் கடமை.

கினி பிசாவு நாட்டின் விடுதலைத் தலைவர் அமில்கார் கப்ரால் 1965இலே தம் கட்சி ஊழியருக்கு விடுத்த பணிப்புரையில், மக்களிடம் எதையும் மறைக்காதீர், பொய் சொல்லாதீர், இலகுவில் வெற்றி கிடைத்ததாகக் காட்டிக்கொள்ளாதீர் என்னும் கருத்தை வற்புறுத்தினார். ஆயுதமேந்திய போரொன்றின் நடுவே, தோல்வியையும் இடர்ப்பாட்டையும் மக்களிடம் சொல்லத் துணிந்த இயக்கம் அது. மக்களை நம்பாதவனே மக்களிடம் பொய் சொல்கின்றான் என்பதை அவர் உணர்ந்திருந்தார். முற்போக்கு இயக்கத்தின் மரபில் லூஷானும் உண்டு, கப்ராலும் உண்டு. எந்த மரபை ஏற்பது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு நம்முடையது.

அப்பொறுப்பு பெரிய மகாநாடுகளிலே தொடங்குவதன்று. கொப்பியில்லாத பிள்ளை "அம்மாவிடம் காசில்லை, சேர்" என்று நாற்பது பிள்ளைகள் முன்னிலையிற் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய வகுப்பறை ஒன்றை ஓர் ஆசிரியராற் படைக்க முடியும். "இந்த வேலைநிறுத்தத்தில் நாம் தோற்றுவிட்டோம்" என்று தொழிலாளி ஒருவர் எழுந்து சொன்னால், அவரைத் துரோகியென்னாது, ஏன் தோற்றோம் என்று கேட்கும் சங்கக் கூட்டம் ஒன்றை நம்மாற் கூட்ட முடியும். "பொய் சொல்லாதே" என்று பிறருக்குச் சொல்வது எளிது. "உண்மையைச் சொல், உனக்கு ஒன்றும் நேராது" என்று சொல்லி, அச்சொல்லைக் காப்பாற்றுவது கடினம். அந்தக் கடினமான பணியை நாம் எந்த அளவுக்கு மேற்கொள்கின்றோமோ, அந்த அளவுக்கே மற்றவரிடம் வாய்மையை எதிர்பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.